உச்சியில் பார்வை பூச்சியம்

மலைகளின் மனதை அறிந்தவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் கார்ல்ஸ்ரூஹே நகரில், நான்காம் மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில், இரண்டு சோடிக் காலுறையுடன் இருந்தார்.

அவர் கார்ல்ஸ்ரூஹே தமிழ் மலைநடைக் கழகத்தின் தலைவர் கதிர்காமநாதன். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர், ஏனென்றால் தொடங்கியவரும் அவர்தான். வீட்டு அழைப்புமணியில் தன் பெயருக்குக் கீழே 'தலைவர்' என்று ஒட்டியிருந்தார். தமிழ் தெரியாத தபால்காரர் அதை ஏதோ மருந்துக்கடை விளம்பரம் என்று நினைத்திருந்தார்.

கார்த்திகையில், கறுப்புக்காட்டின் ஃபோகல்கோப் மலையில், கழகத்தின் முதல் நடையை அவரே முறைப்படி தொடக்கி வைத்தார். புதுக் கார் எடுத்தால் செய்வதுபோலத் தேங்காய் உடைத்தார். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, உறுப்பினர்களின் காற்சப்பாத்து நுனி, வழிகாட்டிப் பலகை, குப்பைத் தொட்டி, உச்சியிலுள்ள சிற்றுண்டிக் குடிலின் வாசல் என்று அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் மூன்று விரலால் பட்டை போட்டார். எட்டாததற்கு, உட்காரப் போட்டிருந்த மரவாங்கில் ஏறினார்.

அதற்குப் பிறகு கழகம் ஓரடிகூட நடக்கவில்லை.

காரணம் வானிலை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் தலைவர் கணினியைத் திறந்து, குடிலின் முகப்பில் பொருத்தியிருந்த கமெரா அனுப்பும் படத்தைப் பார்ப்பார். படம் பால்போல வெள்ளையாக இருக்கும். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு வாட்ஸ்அப்பில் பேசுவார்.

"அன்பான உறவுகளே! ஃபோகல்கோப் உச்சியில் பார்வை பூச்சியம். உயிர் முக்கியம். நடை ஒத்திவைக்கப்படுகிறது."

நடை நின்றதில் தலைவருக்கு ஏற்பட்ட வருத்தம், முகத்தில் தெரியாத அளவுக்கு ஆழமானது.

தை பிறந்து முதல் வெள்ளி, அறிக்கை போன கையோடு செயலாளர் சில்வெஸ்டர் போன் எடுத்தார்.

"அண்ணை, ரேடியோவில வேற மாதிரியெல்லோ சொல்லுறான். கீழ ரைன் ஆத்துப் பக்கம்தானாம் பனிப்புகார். எழுநூறு மீற்றருக்கு மேல நல்ல வெயிலாம்."

"தம்பி, ரேடியோக்காரன் ஆரோ சொன்னதைச் சொல்லுறான். நான் கண்ணால கண்டதைச் சொல்லுறன். வெள்ளை எண்டா வெள்ளை."

"நடக்காத மலைநடைக் கழகம் எண்டு சனம் சிரிக்குது. அடுத்த ஞாயிறு போவம். இல்லாட்டி வேற தலைவரைத் தெரிவு செய்யிற அலுவலைப் பாப்பம்."

தலைவர் போனை வைத்தார். மனைவி பாலாம்பிகை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பெல்லில ஒட்டினதை உரிக்கிறதோ? சுடுதண்ணி வைக்கட்டே?"

"நீர் பேசாம இரும்."

தலைவர் யோசித்தார். வெறும் வெள்ளைக்குச் சனம் பயப்படாது. அடுத்த வெள்ளி அறிக்கையில் குளிரையும் காற்றையும் சேர்த்தார்.

"உச்சியில் குளிர் மைனஸ் பதினைந்து. புயல்காற்று. பனி மனிதனின் இடுப்பளவு. வருபவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வரவும்."

இத்தனை நாளும் ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் அது இருபத்திரண்டு ஆனது. ஜேர்மனிக்கு வந்து முப்பது வருசமாகியும் ஒழுங்கான பனிப்புயலைப் பார்க்கவில்லை என்ற குறை பலருக்கு இருந்திருக்கிறது. சில்வெஸ்டரின் மனைவி கொறற்றி, படம் எடுக்கச் சிவப்பு நிறத்தில் புது ஜாக்கெட் வாங்கிவிட்டதாகக் குழுவில் அறிவித்தார்.

தலைவர் உடனே உபகரணங்களைக் கட்டாயமாக்கினார். சப்பாத்துக்கு இரும்பு முள். தலைக்கு ஹெல்மெற். இடுப்பில் கட்டக் கயிறு. இரண்டு நாளுக்குச் சாப்பாடு.

ஒருவரும் பின்வாங்கவில்லை. சாப்பாடு என்றதும் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

"ஆட்டிறைச்சி ரோல்ஸ் மட்டும் நூற்றைம்பது சுடவேணும்," என்றார் பாலாம்பிகை. "உங்கட புயலால எனக்குத்தான் வேலை."

கடைசியாகச் சனி காலை, தலைவர் துணிந்து ஒன்றைச் சொன்னார்: "இப்படிப்பட்ட வானிலையில் அனுபவசாலி ஒருவர் முன்னால் போகாமல் யாரும் உச்சிக்கு ஏற முடியாது."

அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார், நடை நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

"அதுதானே!" என்று சில்வெஸ்டரின் பதில் வந்தது. "தலைவர் முன்னுக்குப் போவார். கயிற்றின்ர முதல் தலைப்பு அவருக்கு." கீழே இருபத்தைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை கார்ல்ஸ்ரூஹேயில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத புகார். தலைவருக்கு அதைப் பார்க்க உற்சாகமாக இருந்தது. உள்ளே மூன்று சுவெற்றர், வெளியே ஜாக்கெட், கண்ணும் நெற்றித் திருநீறும் மட்டும் தெரியும் குரங்குத் தொப்பி, அதற்கு மேல் சைக்கிள் ஹெல்மெற். உடுப்புக் காயப்போடும் நைலோன் கொடியால் இருபத்தாறு பேரையும் பஸ்ஸுக்குள்ளேயே கட்டினார். அடுத்த தரிப்பில் இறங்கவேண்டிய ஜேர்மன் கிழவி ஒருவர் கொடியைத் தாண்ட முடியாமல் உச்சிவரை வந்தார்.

எழுநூறு மீற்றரில் பஸ் புகாரைவிட்டு வெளியே வந்தது.

மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. கீழே ரைன் பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சுபோலப் புகார் பரவிக் கிடந்தது. ஃபோகல்கோப் உச்சியில், கணுக்கால் நனையாத பனியில், குழந்தைகள் சறுக்கி விளையாடினார்கள். குடிலின் முன்னால் ஒருவர் அரைக்கை ரீ-சேட்டுடன் சாய்ந்து கேக் சாப்பிட்டார். இறங்க முடியாமல் வந்த கிழவி கோட்டைக் கழற்றிவிட்டு, "வராமல் விட்டிருந்தால் நட்டம்," என்று ஜேர்மனில் சொன்னார்.

கொடியில் கட்டுண்ட இருபத்தாறு பேரும், ஹெல்மெற்றும் இரும்பு முள்ளுமாக, கறக் கறக் என்று அந்தக் கேக் சாப்பிட்டவரைக் கடந்து போனார்கள்.

"அண்ணை," என்றார் சில்வெஸ்டர். "புயல் எந்தப் பக்கம்?"

"இது ஏமாத்து வெயில்."

"ரெண்டு மாசமாவோ ஏமாத்துது?"

எல்லோரும் கொடியை அவிழ்க்கத் தொடங்கினார்கள். தலைவர் பதவி தன்னிடமிருந்து முடிச்சு முடிச்சாகக் கழன்று போவதைக் கதிர்காமநாதன் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் போனை எடுக்கத் தோன்றியது. குடிலின் கமெராப் படத்தைத் திறந்தார்.

"இஞ்ச பார் தம்பி! இந்த நிமிசத்துப் படம். இப்பவும் வெள்ளை! கமெரா பிழை! மெசின் பொய் சொன்னா மனிசன் என்ன செய்யிறது?"

சில்வெஸ்டர் பார்த்தார். கொறற்றியும் பார்த்தார். உண்மைதான். வெள்ளை எண்டா வெள்ளை.

"அட, பாவம் மனிசன்," என்றார் கொறற்றி. "நாங்கள் சும்மா பேசிப்போட்டம்."

ரோல்ஸ் பெட்டிகள் திறந்தன. வெயிலில் இருந்து சாப்பிடும்போது எவர் மேலும் கோபம் நிற்காது. சில்வெஸ்டரே மனமிளகி, "சரி அண்ணை, நீங்களே தலைவரா இருங்கோ," என்றார். "குடில்காரரிட்டக் கேட்டு எங்கட கழகத்தின்ர படம் ஒண்டு உள்ளுக்கு மாட்டுவம்."

"எல்லாருக்கும் இடம் காணாது," என்றார் தலைவர் பணிவாக. "தலைவரின்ர படம் மட்டும் போதும்."

ஹெல்மெற்றையும் குரங்குத் தொப்பியையும் கழற்றி, குடில் நடத்தும் பெண்மணியைக் கை காட்டி அழைத்தார். நல்ல ஜேர்மனில், சற்று உரத்து, அந்தக் கமெராவைத் திருத்தாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை என்று விளக்கினார்.

"பழுது இல்லை," என்றார் பெண்மணி. "கார்த்திகையில் யாரோ கண்ணாடியில் வெள்ளையாக எதையோ பூசிவிட்டார்கள். துடைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அதற்குரிய ஆள் வரவேண்டும். பங்குனியில்தான் டேர்மின், நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள்."

சொல்லிக்கொண்டிருந்தவர் தலைவரின் நெற்றியை உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தை. "ஒரு நிமிடம்," என்று உள்ளே போய், பெரிதாக அச்சடித்த தாள் ஒன்றுடன் வந்தார். கமெரா கடைசியாக எடுத்த தெளிவான படம். படம் முழுவதும் ஒரே முகம். அதற்கு முன்னால் வெள்ளை பூசிய மூன்று விரல்கள்.

கீழே ஜேர்மனில் எழுதியிருந்தது: 'இவரைத் தெரியுமா?'

பாலாம்பிகை கையிலிருந்த ரோலைக் கடித்து முடித்தார்.

"தெரியும்," என்றார். "தலைவர்."

"இரண்டு மாதமாகக் கழிவறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்," என்றார் குடில்காரப் பெண்மணி.

படத்தில் தலைவர் கண்ணை மூடியிருந்தார்.