பெண் பார்க்கப் போய்ப் பல்லிக் கதை சொன்னவன்

நாமக்கல் பக்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்பதை, பெண் கிடைத்தவர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. சொந்த லாரி வைத்திருப்பவனுக்கே ஜாதகம் திரும்பி வருகிறது. நானோ தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவன். ("மாட்டு டாக்டருங்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும் போனை வைத்த பெண்வீட்டார் உண்டு.)

அப்போது எனக்கு முப்பத்து நான்கு. முன்மண்டை லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. எங்கள் சாதிதான், ஆனால் வேறு கூட்டம், அதாவது வேறு குலம். பங்காளி முறை வராது, கட்டலாம். இந்த இரண்டும் சரியாக அமைந்தால்தான் என் அம்மா ஒரு ஜாதகத்தைக் கையிலேயே வாங்குவார்.

காரில் போகும்போது அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டார்.

"சாமி, அங்க வந்து வாயத் தொறக்காத. என்ன கேட்டாலும் ஆமாங்க, இல்லைங்க. அத்தோட நிறுத்திக்க."

அதன்படி நடந்திருந்தால் இந்நேரம் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிள்ளையை டியூஷனில் விடப் போயிருப்பேன்.

பெண்ணின் பெயர் நித்யா. காபி கொண்டுவந்து கொடுத்தவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். அவள் அப்பா கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"இப்ப காலேஜில என்ன பாடமுங்க ஓடுது?"

"புதுசு புதுசா சிற்றினம் எப்படி உருவாகுதுன்னு எடுத்துட்டிருக்கறனுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நித்யாதான் கேட்டாள்.

"அது எப்படிங்க உருவாகுது?"

நான் பாடம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து எந்த மாணவனும் என்னிடம் 'எப்படி' என்று கேட்டதில்லை. 'எக்ஸாமுக்கு வருமா சார்' என்றுதான் கேட்பார்கள். இங்கே பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் எப்படி என்று கேட்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவள்தான் என்று அந்த நொடியே முடிவு கட்டினேன். (அப்போது என் மூஞ்சியைக் கண்ணாடியில் யாராவது காட்டியிருக்கலாம்.)

ஜன்னல் வழியே கொல்லிமலை தெரிந்தது. கையை நீட்டினேன்.

"அந்த மலைக் குளுமையில ஒரு பல்லி இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அந்தப் பக்கம் போதமலையிலயும் அதே பல்லி. நடுவுல கீழ சமவெளி, நம்ம வெயில் காடு. அதனால இதும் எறங்காது, அதும் எறங்காது. லட்சக்கணக்கான வருசம் கலக்காமயே இருந்தா ரெண்டும் கொஞ்சங் கொஞ்சமா மாறிரும். அப்பறம் ஒரே எடத்துல கொண்டாந்து உட்டாக்கூட ஒண்ணோட ஒண்ணு சேராது. அப்ப அது ரெண்டும் வேற வேற சிற்றினம்."

"கலக்காம இருக்கறது நல்லதுதானுங்க," என்றார் அவள் அப்பா, மிகுந்த திருப்தியோடு. அம்மாவும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"சேந்துட்டா?" என்றாள் நித்யா.

"சேந்து, குட்டி பொறந்து, அந்தக் குட்டிக்கும் குட்டி பொறந்தா ரெண்டும் ஒரே சிற்றினந்தானுங்க. குதிரையும் கழுதையும் சேந்தா கோவேறு கழுதை பொறக்கும். ஆனா அதுக்குக் குட்டி பொறக்காது. அதனாலதான் குதிரை வேற, கழுதை வேற."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். கழுதை வரைக்கும் வந்தவன் நிற்பேனா?

"இந்த விளக்கம் எல்லாத்துக்கும் பொருந்தாதுங்க. பாக்டீரியா ஜோடி சேராது. செத்துக் கல்லாப் போனதுகளச் சேத்து வெச்சுப் பாக்க முடியாது. அதையெல்லாம் உருவத்த வெச்சோ மரபணுவ வெச்சோதான் பிரிப்பாங்க. விஞ்ஞானிகளே இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்கறாங்க."

"மனுசங்களுக்குங்க?" நித்யாவின் குரல் லேசாக நடுங்கியது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். "வேற வேற சாதிக்காரங்க கட்டிக்கிட்டா?"

"சாதியெல்லாம் இதுல கணக்கே இல்லைங்க. மனுசங்க அத்தன பேரும் ஒரே சிற்றினம். கொழந்தையும் நல்லாப் பொறக்கும், பேரனும் பொறப்பான்." பேரன் என்று சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தேன்.

நித்யா அவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாப்பா? காலேஜ் வாத்தியாரே சொல்றாரு. நாஞ் சொன்னா மட்டும் அடிக்க வாரீங்களே."

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் அழுகை கேட்டது. "அந்த சேலத்துப் பையன மறந்துட்டேன்னு சத்தியம் பண்ணுனயேடி!"

காபி டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவள் பாடத்தையும் ரசிக்கவில்லை, என்னையும் ரசிக்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. நான் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்து கூண்டில் ஏறியிருக்கிறேன்.

அவள் அப்பா என்னைப் பார்த்தார். கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகமாக இருந்தது. "ஏனுங்க, உருவத்த வெச்சுப் பிரிக்கறது, மரபணுவ வெச்சுப் பிரிக்கறதுன்னு என்னமோ சொன்னீங்களே. அதுப்படி பாத்தா வேற வேறதானுங்களே?"

'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கல்யாணம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அம்மாவும் அதைச் சொல்லச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். வாய் வரவில்லை.

"அதுப்படி பாத்தாலும் ஒண்ணுதானுங்க," என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "நீ அந்தப் பையன் அனுப்புன ஆளாடா?"

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா அழுதார். "எத்தன கோயிலுக்கு வேண்டுனேன் சாமி. கடைசீல ஒரு பல்லி வந்து கெடுத்துப்போட்டுதே." எனக்கும் அழுகை வந்தது. அவள் ஒரு முறைகூட என்னை மாப்பிள்ளையாகப் பார்க்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து நித்யா அந்தச் சேலத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். என் நம்பரை எங்கே பிடித்தாளோ, 'ரொம்ப நன்றி சார்' என்று செய்தி அனுப்பினாள். (சார்!) அவள் அப்பா மாவட்டத்தில் ஒரு தரகர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்து பெண்ணைக் கிளப்பிவிட்டுப் போகிற வாத்தியார் என்று பெயராகிவிட்டது. அதன்பின் ஒரு ஜாதகமும் வரவில்லை. இப்போது எனக்கு முப்பத்து ஒன்பது. முன்மண்டை, பின்மண்டை என்ற பாகுபாடெல்லாம் போய்விட்டது.

போன வாரம் அம்மா பக்கத்து மாவட்டத்தில் எங்கள் கதை தெரியாத ஒரு தரகரைத் தேடிப் பிடித்துப் பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் என் அக்கா வீட்டுக்காரரும் கேட்டுவிட்டார். விசேஷத்துக்கு விசேஷம் இனி அவர் இதைத்தான் சொல்லப் போகிறார். முந்தாநாள் வளைகாப்பில் ஆரம்பித்தும் விட்டார். எந்தச் சாதி, எந்தக் கூட்டம் பார்க்கறீங்க என்று தரகர் கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க," என்றாராம் அம்மா. "ஒரே சிற்றினமா இருந்தாப் போதுமுங்க."

தரகர் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டதாம்.

"அந்த ஆளுங்க நம்ம பக்கம் ரொம்பக் கொறைச்சலுங்கம்மா. இருந்தாலும் விசாரிச்சுப் பாக்கறேன்."