ஆவூர் அவன்

கேக் சமையலறையைவிட்டு வெளியே வர மறுத்தது.

மூன்று அடுக்குக் கேக். அடியில் வைத்த பலகை, வாசலைவிட நாலு விரற்கடை அகலம். வாசலை அளக்காமல் பலகையை அறுத்தவன் சார்லஸ்.

"தனித்தனியாக் கொண்டுபோயி மண்டபத்துல வச்சு அடுக்கிக்கலாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள் ஜெனிபர்.

"முழுசாப் போயி எறங்கணும் ஜெனி. பாத்தவன் வாயப் பொளக்கணும். மொத ஆர்டர்ல விழுற பேருதான் கடைசி வரைக்கும் நிக்கும்."

சார்லஸ் தோஹாவில் ஒரு பேக்கரியில் எட்டு வருடம் அட்டைப்பெட்டி ஒட்டியவன். மேனேஜர்கள் மீட்டிங்கில் பேசியதையெல்லாம் டேப் கிழித்துக்கொண்டே காதில் வாங்கி வைத்திருந்தான். ஜெனிபர் சுடும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆவூரே அடிமை. அந்தக் கைப்பக்குவத்தை நம்பி, இனிமேல் விமானம் ஏறுவதில்லை என்று வந்துவிட்டான். தொழில் நிலைக்காவிட்டால் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள்.

கேக் சுடும் அடுப்பின் இங்கிலீஷ் பேரையே வைத்து வீட்டு முன்னால் போர்டு மாட்டினான்: 'ஆவூர் அவன்'.

"சுடுறது நானு, பேரு மட்டும் அவனா?" என்று ஜெனிபர் சண்டைக்கு வந்தாள்.

கடையை மந்திரிக்க வந்த பங்குச்சாமியாரும் போர்டை அண்ணாந்து பார்த்து, "அவன்னா எவன்?" என்றார்.

"கேட்டீங்கள்ல ஃபாதர், அதான் மார்க்கெட்டிங்!" என்று சார்லஸ் துள்ளினான்.

இப்போது அந்தத் துள்ளலோடு பலகையைச் சாய்த்தான். பலகை வெளியே வந்தது. மேல் அடுக்கு நிலைக்கதவில் அப்பிக்கொண்டது.

ஜெனிபர் பல்லைக் கடித்துக்கொண்டு, வழித்து, பூசி, ரோஜாக்களை மறுபடி நட்டு, 'பிரசாந்த் – கலைமதி' என்று சிவப்பு எழுத்தில் புதிதாக எழுதினாள். செல்லமுத்துவின் லோடு ஆட்டோவில் கேக் ஏறியது. ஜெனிபர் பின்னால் உட்கார்ந்து பிள்ளையைப் போல அதைப் பிடித்துக்கொண்டாள். மாலையில் கீரனூரில் வரவேற்பு.

கொஞ்ச தூரம் போனதும், "ஏங்க, க்ரீம் வேர்க்குதுங்க!" என்று கத்தினாள்.

"பதறாத. ஈரச்சாக்கு போத்தினா ஏசி மாதிரி இருக்கும்."

ஈரச்சாக்கைப் போர்த்தினார்கள். சாக்கு சொட்டியது. விலக்கிப் பார்த்தால் எழுத்துக்கள் கரைந்து ஓடியிருந்தன. வரவேற்புக்கு முன்பே பிரசாந்தும் கலைமதியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டார்கள்.

"டிசைன்னு சொல்லிக்கலாம்" என்றான் சார்லஸ். "ஐஸ் வச்சுட்டா மேக்கொண்டு கரையாது."

வழியில் ஐஸ் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். மீன்காரர். மனிதர் தங்கமானவர், தெர்மாகோல் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். கேக் குளிர்ந்தது. கூடவே மத்தி மணமும் வந்தது.

ஜெனிபர் மூக்கைப் பொத்தினாள். "கல்யாணத்துக்குப் போறமா, கருவாட்டுச் சந்தைக்குப் போறமா?"

சார்லஸ் அவள் பையைத் துழாவி ரோஸ் எசன்ஸ் பாட்டிலை எடுத்தான். "ரெண்டு சொட்டுப் போதும்" என்று சாய்த்தபோது செல்லமுத்து ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் விட்டார். பாட்டில் முழுவதும் கவிழ்ந்தது. மூன்று அடுக்கு ஓர் அடுக்கானது.

ஜெனிபர் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. "நாளைக்கே டிக்கெட் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல்தான் சார்லஸைச் சுட்டது. கீரனூர் கடைத்தெருவில் குதித்து இறங்கி, பேப்பர் கப்பும் மரக்கரண்டியும் கட்டுக் கட்டாக வாங்கி வந்தான்.

"அள்ளிப் போடு ஜெனி! தோஹாவுல பெரிய ஓட்டல்ல இப்பிடித்தான் குடுக்குறான். இதுக்குத்தான் மவுசு!"

"அப்ப மேடையில எதை வெட்டுவாங்க?"

"ஏன் வெட்டணும்? ஒரு கப்பை ஆளுக்கொரு வாய் ஊட்டிக்கட்டும். புதுமை!"

அவனுடைய உற்சாகம் தொத்து வியாதி மாதிரி. ஓடும் வண்டியிலேயே ஜெனிபர் அள்ள ஆரம்பித்தாள். ஒவ்வொரு கப்பிலும் முந்திரி தூவினாள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

"அந்தா, வாழமரம், சீரியல் லைட்டு! இங்கிட்டுத் திருப்புங்க அண்ணே!" என்றான் சார்லஸ். பின்வாசல் வழியாக, சாம்பார் அண்டாக்களுக்கு நடுவே நுழைந்து, கூடத்தில் தட்டுத் தட்டாக நீட்டினார்கள்.

பெண்ணின் அப்பா ஒரு கப்பை வாங்கி வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்லாமக்கொள்ளாம எவ்வளவு செஞ்சிருக்காங்க பாருங்க!" என்று அவர் உருகினார்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு வீட்டுக்காரங்க தாராளம்தான்யா!" என்று இரண்டாவது கப்பை எடுத்தார்.

"இது என்ன ஃபிளேவருங்க? ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கே?" என்று பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி கேட்டாள்.

"அரேபியன் ரோஸுங்கம்மா. கடல்காத்து பட்ட ரோஜா."

"அதான பாத்தேன்! ஏங்க, நம்ம பேத்தி பொறந்தநாளுக்கு இதையே சொல்லிருவோம்."

அவ்வளவுதான். பிள்ளையின் புதுநன்மை விருந்துக்கு ஒருவர், கிரகப்பிரவேசத்துக்கு ஒருவர் என்று கார்டு கேட்டு மொய்த்தார்கள். கார்டில் கடைப் பேரைப் படித்துவிட்டு, 'அவன் யாரு, அவன் யாரு' என்று கூடமே விசாரித்தது. சார்லஸின் சட்டைப்பையில் செல்போன் விடாமல் அடித்தது.

"எடுங்க" என்றாள் ஜெனிபர்.

"புது ஆர்டரா இருக்கும். கூப்புட்ட ஒடனே எடுத்தா வேல இல்லாத கடைன்னு நெனச்சிருவான். அடிக்கட்டும்."

அது மறுபடியும் அடித்தது. மறுபடியும். சார்லஸ் அதை நாதஸ்வரம்போல ரசித்தான்.

"ஜெனி, அஸ்திவாரம் போட்டாச்சு! நம்ம பேரன் காலத்துலயும் இந்த மண்டபத்தப் பத்திப் பேசுவாங்க."

"டிக்கெட் வேணாம்" என்றாள் அவள். முந்திரித் தூள் ஒட்டிய முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சார்லஸ் கடைசிக் கப்பை எடுத்து அவளுக்கு ஊட்டினான்.

மண்டபத்து வாட்ச்மேன் ஐயனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், ஆவூர்க் கேக்குக்காரர் நீங்கதானா? எதுத்த மண்டபத்துலேருந்து தேடி வந்திருக்காங்க. அங்க பிரசாந்தும் கலைமதியும் மேடையில அப்பலேருந்து கத்தியோட நிக்கிறாங்களாம்!"