ஏழரை மணி ட்ரையல்

டாங்கி வட்டமடித்துக்கொண்டிருந்தது. நேராகப் போ என்று அருள்தாஸ் ரிமோட்டை அழுத்த அழுத்த, அது வலப்பக்கமாகவே சுற்றியது. ஒன்பதாவது சுற்றில் வயிற்றுக்குள் எதையோ மென்று துப்புவதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது.

பட்டாபிராமில் அருள்தாஸ் வீட்டை ஒட்டிய காலிமனை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபெலிக்ஸ் நோட்டைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"முதல் ட்ரையல். வண்டி நேராகப் போகவில்லை. ரிஜெக்ட்."

"சார், அதுக்குள்ள ரிஜெக்ட்னா எப்படி? புது வண்டி, கொஞ்சம் பழகணும் இல்ல?"

"பதினேழு வருஷம் ராணுவத்துல டேங்க் ஓட்டினவன் நான். சாமியாடற வண்டியில எவன் ஏறுவான்?"

விஷயம் இதுதான். அருள்தாஸ், ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபெலிக்ஸ், டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். கோயில் திருவிழா விருந்தில், பந்தி நடுவே, "அருள்தாஸ் எங்க டேங்க் செஞ்சாரு? முப்பத்தோரு வருஷமும் செயினுக்குப் பின்னு சொருகினாரு, அவ்ளோதான்" என்று ஃபெலிக்ஸ் சொல்லிவிட்டார். அது உண்மை என்பதால் அருள்தாஸுக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. அவரும் ஏதோ சொன்னார். பாயசம் வருவதற்கு முன்பே இருவரும் இலையை மூடினார்கள்.

அடுத்த வாரம் அருள்தாஸின் மகள் ஷாரனும் ஃபெலிக்ஸின் மகன் ஜோஸும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகத் தத்தம் வீடுகளில் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் அப்பாக்கள் முடியாது என்றார்கள்.

ஆறு மாதம் இப்படியே போனபிறகு ஜோஸ் ஒரு வழி சொன்னான். ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கி ஒன்று, முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளாக, பெட்டியில் கிடைக்கிறது. அதை அருள்தாஸ் செய்து ஐம்பதடி ஓட்டிக் காட்டினால், ஃபெலிக்ஸ் தட்டுத் தூக்கிக்கொண்டு வந்து பெண் கேட்பார். ஓடவில்லை என்றால் அருள்தாஸ் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது. ட்ரையல் மூன்று. இரண்டு பிரதிகள் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"ட்ரையலை ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்கு வெச்சுக்கோங்க. வெயில் ஏறாது" என்றாள் அருள்தாஸின் மனைவி ரோஸி.

"அப்போ பூசை?" என்று ஃபெலிக்ஸ் தயங்கினார்.

"மூணு வாரம்தானே அண்ணா. உங்களுக்கும் சேத்து நாங்களே வேண்டிக்கிறோம்."

இந்தப் பெருந்தன்மை இருவரையுமே தொட்டது.

முதல் ட்ரையல் தோற்ற அன்று மதியமே, கியர் செக்‌ஷனில் வேலை பார்த்த பழைய நண்பர் முனியனை அருள்தாஸ் வரவழைத்தார். முனியன் டாங்கியைப் பிரித்து, பல்சக்கரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாபா இது, கியரு பிளாஸ்டிக்குல கீது? எங்க செக்‌ஷன்ல இத பல்லு குத்தக்கூட எட்த்துக்க மாட்டான். இரும்புல போடு நைனா."

இரும்புப் பல்சக்கரத்தை ஜோஸ் இரண்டே நாளில் தருவித்துக் கொடுத்தான். அதன் வேகத்துக்குப் பிளாஸ்டிக் செயின் அறுந்தது. உலோகச் செயின் வந்தது. பக்கத்துக்கு எண்பது கண்ணி. அருள்தாஸ் நூற்று அறுபது பின்னையும் ஒரே உட்காரலில் சொருகினார். முப்பத்தோரு வருஷ அனுபவம் அல்லவா? ஆனால் செயினின் பாரத்தில் மோட்டார் இரண்டும் புகைந்தன.

வயரிங் செக்‌ஷன் ரேணுகா வந்தார்.

"மோட்டாரைப் பெரிசா போடுங்க சார். அதுக்கு ஏத்த பேட்டரி. அதுக்கு ஏத்த வயர்."

எல்லாம் ஏற்றபடி போட்டபிறகு டாங்கியின் மேல்மூடி மூடவில்லை. பீரங்கிக் கூடு, சின்னப் பையன் தொப்பி பெரியவர் தலையில் உட்கார்ந்த மாதிரி சாய்ந்து நின்றது.

"மூட மாட்டேங்குதே மேடம்?"

"மூடி என் செக்‌ஷன் இல்ல சார்" என்று ரேணுகா ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

இரண்டாவது ஞாயிறு டாங்கி நேராகப் போனது. அம்புபோலப் போனது. ஐம்பதடியைத் தாண்டியது; ரிமோட்டை விட்ட பிறகும் போனது; சுவரில் மோதித் திரும்பி வந்து, ஃபெலிக்ஸின் நாற்காலிக் காலைத் தட்டிவிட்டு, அவர் கீழே விழுந்தபிறகுதான் ஓய்ந்தது.

"அம்பதடி தாண்டிடுச்சு சார்! பாத்தீங்க இல்ல?"

ஃபெலிக்ஸ் தரையில் இருந்தபடியே நோட்டைத் தேடினார். "நிக்கத் தெரியாதது டேங்க்கா? ரிஜெக்ட்."

ஆனால் எழுந்து மண்ணைத் தட்டியவர் வீட்டுக்குப் போகவில்லை. டாங்கியைக் கையில் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்து, சக்கரங்களை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"ஸ்பிரிங் ரொம்ப டைட்டு. மேடு பள்ளம் எப்படித் தாங்கும்? அருள்தாஸ், இதெல்லாம் நீங்க பாக்க மாட்டீங்களா?"

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரே ஒரு டப்பா ஸ்பிரிங்கோடு வந்துவிட்டார். செவ்வாயும் வந்தார். புதனும் வந்தார். அருள்தாஸ் ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க, ஃபெலிக்ஸ் டார்ச் அடித்தார். ரோஸி இருவருக்கும் மணிக்கொரு டீ கொடுத்தாள்.

"அவசரப்படாதீங்க. நல்லா நிதானமா செய்யுங்க" என்றாள்.

வியாழக்கிழமை, திருகாணி வாங்கப்போன அருள்தாஸின் கையை ஹார்டுவேர் கடைக்காரர் பிடித்துக் குலுக்கினார்.

"கேள்விப்பட்டேன் அண்ணே! ரொம்ப சந்தோஷம்!"

"அதுக்குள்ள சந்தோஷம்லாம் எதுக்குங்க? வர்ற ஞாயிறு ஓடலைன்னா தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்."

கடைக்காரர் திருகாணியை எண்ணாமலே கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை டாங்கி நேராகப் போனது, திரும்பியது, நின்றது. அன்றோடு விட்டிருந்தால் கதை வேறு. ஆனால் ஃபெலிக்ஸ் அதை யோசனையாகப் பார்த்தார்.

"அருள்தாஸ், தண்ணி டெஸ்ட் பண்ணலையே?"

"அதான் சார் நானும் நெனச்சேன். தண்ணில இறக்கி ஏத்தாம நாங்க எந்த வண்டியையும் வெளிய அனுப்பினதே இல்ல."

"நாங்களும் வாங்கினதே இல்ல."

ஆறு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். துணி ஊறவைக்கும் டப்பில் தண்ணீர் நிரப்பி, டாங்கியை மரியாதையாக உள்ளே இறக்கினார்கள். அது அடியில் போய் உட்கார்ந்தது. குமிழ்கள் வந்தன. பிறகு குமிழ்களும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, ஏழரை மணி. பதினோரு கிலோ எடையுள்ள டாங்கியை அருள்தாஸும் ஃபெலிக்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து வைத்தார்கள். முனியனும் ரேணுகாவும் ஓரமாக நின்றார்கள். அருள்தாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ரிமோட்டை அழுத்தினார்.

டாங்கி அசையவில்லை. பீரங்கிக் குழல் மட்டும் மெல்லத் திரும்பி, ஃபெலிக்ஸின் வயிற்றைக் குறிபார்த்து நின்றது.

"எங் கியரு கரீக்டா கீதுபா" என்றார் முனியன்.

"வயரிங்ல கரண்ட் வருது சார். செக் பண்ணிட்டேன்" என்றார் ரேணுகா.

"செயின்ல ஒரு பின்னு கழலல" என்றார் அருள்தாஸ்.

எல்லா செக்‌ஷனும் சரியாக இருந்தது. டாங்கிதான் ஓடவில்லை. அருள்தாஸ் முப்பது தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார். ஷாரன் இப்போது கோயிலிலிருந்து வந்து, ஓடுச்சாப்பா என்று கேட்பாள். என்ன சொல்வது?

"எழுதுங்க சார். ரிஜெக்ட்னு எழுதுங்க. நான்தான் என் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டேன்."

ஃபெலிக்ஸ் நோட்டைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"ரிஜெக்ட்னு எழுதிட்டா ஃபைல் மூடிடும்யா" என்றார். "எக்ஸ்டென்ஷன் கேளுங்க. நான் குடுக்கறேன்."

அருள்தாஸின் கண் கலங்கிவிட்டது. "மூணு மாசம்?"

"ஆறு மாசமா போடுங்க. மோட்டாரை மாத்தணும். கூட்டையும் கழட்டிப் பாக்கணும்."

"அதுவரைக்கும் கல்யாணம்?"

"பேச்சே கிடையாது. நாம ரெண்டு பேரும் ஓகே சொல்லாம அந்த வீட்லயும் இந்த வீட்லயும் ஒரு துரும்பு அசையக் கூடாது."

"அசையாது சார்."

புதிய ஒப்பந்தம் இரண்டு பிரதிகளில் தயாரானது. முனியனும் ரேணுகாவும் சாட்சி. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, திருவிழா விருந்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அப்போது கோயில் உபதேசியார் தமிழரசு சைக்கிளை நிறுத்திவிட்டு, காலிமனைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இங்கதான் கீறீங்களா ரெண்டு பேரும்? ஜோஸ், ஷாரன் கல்யாண அறிவிப்பு ஓலைய மூணாவது வாரமும் இன்னிக்கு ஏழரைப் பூசையில படிச்சாச்சு, தடை சொல்ல ஒருத்தரும் வரல. புதன்கிழமை பத்து மணிக்குக் கல்யாணம், அன்னிக்காவது அப்பாங்கள கோயிலுக்கு வரச் சொன்னாரு சாமியாரு."