மாமனார் வீட்டுக் கக்கூஸில் ஒரு மத்தியானம்

கக்கூஸைப் பற்றி எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பேனா பிடித்தால் கை வேர்க்கும். ஆனால் எங்கள் சொந்தத்தில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, என் வயிற்றின் பெயர் கெட்டுக் கிடக்கிறது. நடந்ததை நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. மாமனார் தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரி. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் பங்களாவை வாங்கியிருந்தார். அதில் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ் ஒன்று. (வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பே அதைக் காட்டிவிடுவார்.) நாங்கள் விருந்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, யாரும் இழுக்காமலே அது தானாக ஓட ஆரம்பித்தது. ஆள் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றிய கிணற்றுத் தண்ணீரெல்லாம் வீண்.

“மாப்பிள்ளைதான் ஹார்பர்ல வேலை பாக்காரே, அவருக்குத் தெரியாத மிஷினா?” என்றார் மாமனார்.

ஹார்பரில் நான் பார்த்தது உப்பு மூட்டை எண்ணுகிற வேலை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி செல்லக்கனி என்னைக் கதவோரம் இழுத்துப் போனாள்.

“தெரியாதுன்னு மட்டும் சொல்லிராதீய. அப்பா பாத்த ஓவர்சியர வேண்டாம்னுட்டு உங்களக் கட்டிக்கிட்டவ நான்.”

அவள் கண் கலங்கியிருந்தது. மாமனாரிடம் ஒரு ஸ்பேனர் கேட்டேன்.

இறால் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பேனரோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். (புது மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டூலில் நிற்பதை மாமியார் பார்க்கலாமா?) சுவரில் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு கம்பி, அதன் நுனியில் செம்புப் பந்து. பந்து மிதந்து கம்பியைத் தூக்கினால் தண்ணீர் அடைபடும் என்பது எனக்கே புரிந்தது. ஆனால் பந்து மூழ்கிக் கிடந்தது. ஆட்டினேன், இளநீர் போல் உள்ளே குலுங்கியது. உப்புத் தண்ணீர் அரித்து ஓட்டை போட்டிருக்கிறது! கண்டுபிடித்த கர்வத்தில் பந்தைப் பிடித்துத் திருகினேன். கம்பி நுனியோடு பந்து முறிந்து கையில் வந்துவிட்டது.

தண்ணீர் இரைச்சலோடு கொட்டியது. கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தேன், நின்றது. விட்டேன், கொட்டியது. ஆக, இனி பந்து நான்தான்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் செல்லக்கனி தலைகுனிய வேண்டும். பிடித்துக்கொண்டே நின்றேன். முத்துக் குளிக்கிறவர்களாவது நடுநடுவே மேலே வந்து மூச்சு விடுவார்கள். எனக்குக் கை மரத்துப்போய் மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு கொட்டு கொட்டும். வெளியே இருப்பவர்களுக்கு அது சங்கிலி இழுத்த சத்தம்.

எங்களில் மாமியார் மருமகனோடு நேரே பேசுகிற வழக்கமில்லை. மகளிடம் சொல்வார், நான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“ஏளா, மறுபடியும் இழுக்காரு. எறாலு ஒத்துக்கிடலையோ?”

கதவருகே ஓமத் தண்ணீர் வந்தது. வைத்தியருக்கு ஆள் அனுப்பட்டுமா என்று மாமனார் கேட்டார். தன் சமையலால் வந்த வினை என்று மாமியார் புலம்பினார். கடைசியில் அவர் குரல் கதவை ஒட்டி, அழுகையோடு கேட்டது.

“மாப்ள, வயித்த ரொம்ப வலிக்கா?”

என்னிடம் அவர் நேரே பேசிய முதல் பேச்சு. கெட்டிக்காரன் இல்லை என்பதைவிட வயிறு சரியில்லை என்பது செல்லக்கனிக்குக் கௌரவம்.

“ஆமா அத்தை,” என்று சொல்லிக் கம்பியை விட்டுவிட்டேன்.

நனைந்த கோழியாக வெளியே வந்தேன். மாமனார் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “தொட்டி பூரா காலி. எப்படித்தான் தாங்குனாரோ, பாவம்.”

செல்லக்கனி என் கையிலிருந்த பந்தை முந்தானைக்குள் வாங்கிக்கொண்டாள். “உடம்பு முடியாமப் போச்சு. இல்லன்னா சரி பண்ணியிருப்பாவ,” என்றாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாமியார் தேற்றினார்.

அதிலிருந்து மாமியார் என்னோடு நேரேதான் பேசுவார், பெரும்பாலும் வயிற்றைப் பற்றி. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் நான் கொல்லைப்பக்கம் நடந்தால், “தொட்டி நெறஞ்சிருக்கா பாருங்கலே,” என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

மறுநாள் ஒரு ஃபிட்டர் வந்து வேறு பந்து மாட்டினார். எல்லாருக்கும் மீன் குழம்பு. எனக்குக் கஞ்சி.