தீவில் ஒரு திண்டுக்கல் பூட்டு

அன்புத் தம்பி தனசிங்குக்கு,

அண்ணன் ஏசுதாசன் எழுதுவது. என்னைக் கேட்காமல் என் பெருங்களத்தூர் வீட்டை நீ வாடகைக்கு விட்டது அநியாயம். சுகம் விசாரித்துவிட்டுத்தான் சண்டை தொடங்க வேண்டும் என்பது மரியாதை. ஆகவே நீயும் ஜெயசீலியும் சுகமா? மகனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் விமானம் ஏறினேன். இப்போது திரும்பி வந்தால் என் வாசலில் நின்று, யார் வேண்டும் என்று கேட்கிறவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இது ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் தீவு. மருமகள் கெசியாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பேப்பர் படித்து நானே கற்ற ஆங்கிலம் இவர்களுக்குப் புரியவில்லை. குறை இவர்கள் மேல்தான். முகம் தெரியாதவர்கள் காரிலிருந்து கையைத் தூக்குகிறார்கள். பதிலுக்கு நான் தூக்கினால் ஷேர் ஆட்டோ மாதிரி நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியவரை வெறுமனே அனுப்பக் கூடாதே என்று ஏறி, துறைமுகம்வரை போய், மழையில் நடந்தே திரும்பினேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இங்கே யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை, தம்பி. குளித்துவிட்டுத் துண்டோடு வருகிறேன், பக்கத்து வீட்டு மர்டோ, மீன் பிடிக்கிற கிழவர், நம் சமையலறையில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் கழுவும் தொட்டியில், வழக்கமாக நமக்குக் கொடுக்கும் மீனை வைத்திருக்கிறார். சர்க்கரை எங்கே என்று என்னையே கேட்கிறார்.

மறுநாளே, பெட்டியில் கொண்டுவந்த திண்டுக்கல் பூட்டை எடுத்து, கதவில் கொண்டி அடித்துப் பூட்டிவிட்டு நடக்கப் போனேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். பூட்டியதும் இழுத்துப் பார்ப்பேன், தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். இந்தச் சத்தம் கேட்டு, கதவு சிக்கிக்கொண்டது என்று மர்டோ கடப்பாரையோடு ஓடி வந்தார். பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடப்பாரையோடு திரும்பிப் போய்விட்டார். அன்றோடு மீன் நின்றது. கடையில் கெசியாவிடம், உங்கள் வீட்டில் என்ன திருடு போயிற்று என்று விசாரித்தார்களாம்.

"மாமா, நாம மட்டும் பூட்டினா அவங்களைத் திருடங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடும்," என்றாள்.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலம்மா. பூட்டினேன், அவ்ளோதான்."

மகன் ஜெஃப்ரி, பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டியைப் பிடுங்கிவிட்டான். திறந்த வீட்டை விட்டு எப்படி வெளியே போவது? அதனால் வாசலுக்கு நேரே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறேன். நடை நின்றது, முழங்கால் பிடித்துக்கொண்டது, ஆராதனைக்கும் போவதில்லை. போதும், தம்பி. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல். என் வீடு, என் கதவு, என் சாவி எனக்கு வேண்டும். இந்த முடிவு மாறாது.

உன் வீட்டையும், நீ வாடகைக்கு விட்ட என் வீட்டையும் ஆண்டவர் காப்பாராக.

அண்ணன்,
ஏசுதாசன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மர்டோ வந்தார், வழக்கம்போல் கதவைத் தட்டாமல். கண் ஆபரேஷனுக்குக் கப்பலில் போகிறாராம். அவர் வீட்டையும் நாயையும் கோழிகளையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஏன் நான் என்றேன். அவர் சொன்னதைக் கெசியா சிரிக்காமல் சொன்னாள்: "கதவை அத்தனை தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் இந்தத் தீவுலயே வேற யாரும் இல்லையாம், மாமா." சாவி கேட்டேன். அந்த வீட்டுக்குச் சாவியே கிடையாதாம். அப்படிப்பட்ட வீட்டைப் போட்டுவிட்டு நான் எப்படிக் கிளம்புவது? ஆகவே உன் மகன் ஷெர்வின், குளிர் நாட்டுக் கோழிக்கு என்ன தீனி என்று பார்த்துப் போனில் அனுப்ப வேண்டும். நீ குடியிருப்பவரிடம், கோடை முடியும்வரை இருக்கலாம் என்று உன் சொந்த யோசனை போலச் சொல்ல வேண்டும். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்று ஜெயசீலி சபையில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.