அண்ணாவை மேலே விட்ட விவரம்

பழையன்னூர் பகவதி துணை
மட்டாஞ்சேரி

தேவராவில் இருக்கும் கனகாம்பாள் மன்னிக்கு நாத்தனார் சுபாஷிணி அநேக நமஸ்காரம். அண்ணாவின் அறுபதாம் கல்யாணத்தில் வீடியோ ஓடியபோது கூடத்தில் இருந்தவர்கள்: அண்ணா, நீங்கள், உங்கள் பிள்ளை ஹரி, அவன் மனைவி ஸுப்ரியா, வாத்தியார், சமையல்கார சேட்டன், நான், என் வீட்டுக்காரர் (தூங்கினார், ஆனாலும் எண்ணிக்கையில் சேர்க்கிறேன்). நாளைக்கு யாரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லக் கூடாது.

ஹரிக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு அடுக்களை மேடையில் பழைய லேப்டாப். வீடியோவில் ஒரு படத்தோடு எந்த அசைவைச் சேர்த்தால் என்ன வரும் என்று நானாகவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா போய் வருஷம் திரும்பிய வருஷாப்திகத்துக்கு நான் செய்த வீடியோவில் அம்மா படத்தின் மேல் பூ உதிரும், பிறகு அம்மா மெல்ல எழும்பி மேகத்துக்குள் கரைந்துபோவாள். நீங்கள்கூட அழுதீர்கள். அந்தப் பூமழையைத்தான் அண்ணாவின் கல்யாண வீடியோவுக்கு ஹரி கேட்டான். "அத்தே, நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம், நானே காப்பி பண்ணி அப்பா படத்துல ஒட்டிக்கறேன்." பூவும் மேலே போவதும் ஒரே கட்டு, காப்பி செய்தால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் 'பூவை எடுத்துக்கோ, மேலே போறதை விட்டுடு' என்று போனில் மலையாள எழுத்தில் எழுதி அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டும் படித்த பிள்ளை, விடு என்பதை மலையாளத்தில் போல அனுப்பு என்று எடுத்துக்கொண்டு, பெற்ற தகப்பனை மேலே விட்டான்.

மாலையும் கழுத்துமாக அண்ணா மணையில் இருக்க, திரையில் அண்ணா மேகத்துக்குள் போகிறார். வாத்தியாருக்கு மந்திரம் நின்றுவிட்டது. பாயசத்தோடு வந்த சேட்டன், "ஐயோ, ஸார் போயோ?" என்று அப்படியே நின்றார். அண்ணா மட்டும் "பூ நன்னா இருக்கு" என்றார். ஹரி என்ன சொன்னான்? "அத்தை எழுதினபடிதான் செஞ்சேன்." உடனே நீங்கள், "அவ கை அப்படி. ஸுப்ரியா சீமந்தத்துல அவ ஆரத்தித் தட்டைத் தொடப்படாது" என்றீர்கள். பூ விழுந்தவரை அது ஹரியின் கை, அண்ணா மேலே போனதும் என் கை! வீடியோவின் கடைசியில் 'செய்தவர்' என்று ஓடிய எழுத்தில் ஹரிநாராயணன் என்று ஒரே பெயர். அதில் மட்டும் அவனுக்கு எந்த மொழியும் குழம்பவில்லை. அவன் தொட்டிலுக்கும் பூணூலுக்கும் ஆரத்தி எடுத்தது இந்தக் கைதான் மன்னி.

அண்ணாவுக்குப் பகவதி நூறு வயசு தரட்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

சுபாஷிணி

பி.கு.: முதல் நாளே ஹரி அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, 'ஓகேயா அத்தே?' என்று கேட்டிருந்தான். முழுக்கப் பார்த்தேன். அண்ணா மேலே போனதையும் பார்த்தேன், கடைசியில் என் பெயர் இல்லாததையும் பார்த்தேன். 'நன்னா இருக்கு' என்று பதில் போட்டுவிட்டு விளக்கேற்றப் போனேன். பகவதிக்குத் தெரிந்ததை உங்களிடம் மறைக்க முடியவில்லை. சீமந்தத்துக்கு நான் வரலாமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.