கல்லாவுக்கு மேலே ஒரு மிருகம்

கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தில் இருப்பது என்ன மிருகம்? லெட்சுமணன் முதலாளிக்கு அவசரமாக ஒரு விடை தேவைப்பட்டது.

வரைந்தவள் அவர் மனைவி அழகம்மை. அவளைக் கேட்கலாம்தான். ஆனால் மூன்று மாதமாக அவள் அவரோடு பேசுவதில்லை. ஒரே மகள் கேஷிகா பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட லயத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போன நாளிலிருந்து இப்படித்தான். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அவளோ தன் கல்யாணத்துக்கு முன் கற்ற சித்திரத்தை மறுபடி கையிலெடுத்துவிட்டாள். கறுப்பையும் சிவப்பையும் அள்ளி அப்பியிருந்தாள். உருவம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு மிருகம் முறைப்பதுபோல் இருந்தது.

சாயம் காயுமுன்பே அதைத் தன் ஹட்டன் பலசரக்குக் கடையில் கொண்டுவந்து மாட்டினார். அப்படியாவது அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்ற நப்பாசை. பாவம், வீட்டில் அந்த மௌனத்தை மனுஷனால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஐயர் படத்தைப் பார்த்ததும் தட்டோடு நின்றுவிட்டார். யானை, குதிரை, பசு என்றால் வியாபாரத்துக்கு விருத்தியாம். காட்டுப்பன்றி என்றால் ஆகவே ஆகாதாம். முதலாளி யோசிக்காமல் யானை என்றார். துதிக்கை எங்கே என்று ஐயர் கேட்டார். குனிந்து நிற்கிறது என்று முதலாளி சமாளித்து, நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனம் வைத்து மாலையும் போட்டார்.

வினை அதில்தான் வந்தது. அது பின்பக்கமல்லவா என்றார் மஸ்கெலியா லொறிக்காரர். சீனி வாங்க வந்த டீச்சர், கொம்பு தெரிகிறது, கிடாதான் என்று அடித்துச் சொன்னார். முதலாளி சந்தனத்தைத் துடைத்து மறுபக்கம் அப்பினார். அது ஈரச் சாயத்தோடு குழைந்ததில் இப்போது மிருகத்துக்குப் பல்லும் முளைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அழகம்மை கடைக்குள் வந்தாள். மாலையைப் பார்த்தாள். சந்தனத்தைப் பார்த்தாள்.

"ஒனக்குப் பெருமையா இருக்கட்டும்னுதான் மாட்டுனேன். என்ன மிருகம்னு மட்டும் சொல்லிரு," என்றார் முதலாளி.

மாவு மூட்டையை இறக்கி வைத்த கடையாள் மாயாண்டிதான் தலையைச் சொறிந்துகொண்டு பதில் சொன்னான்.

"அன்னைக்குக் கேஷிகா பாப்பாவோட பெட்டியத் தூக்கிக்கிட்டு நின்னவன் நான்தான் மொதலாளி. வாசல மறிச்சப்ப நீங்க அச்சு அசலா இப்படித்தான் இருந்தீங்க."